பின் வரிசையில் ஓர் இடம்

ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி ஐம்பத்தெட்டு நிமிடம். நிலையத்தின் மின்தூக்கி பழுதாகி நின்றிருந்தது. இரண்டே மாடிதானே என்று படியேறினேன். ஒலிபரப்புக் கூடத்தின் கதவைத் தள்ளி, ஹெட்ஃபோனை மாட்டி, மைக்கைத் திறந்தபோது மணி சரியாக ஆறு. “வணக்கம் நேயர்களே” என்பது வரை ஒழுங்காக வந்தது. அதற்கு அடுத்த வாக்கியம் மூன்று துண்டாக வந்தது.

அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை மூடினேன். பாட்டு முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு நேயரின் செய்தி வந்துவிட்டது. “என்ன தம்பி, யாரும் துரத்துறாங்களா?”

அதை நானே ஒலிபரப்பில் வாசித்துச் சிரித்தேன். ஆனால், வீடு திரும்பும் ரயிலில் சிரிப்பு வரவில்லை. வானொலி அறிவிப்பாளனுக்கு நல்ல சட்டை வேண்டாம், தலை சீவ வேண்டாம். மூச்சு வேண்டும். முப்பத்தாறு வயதில் இரண்டு மாடிப் படிகள் என் மூச்சைப் பிடுங்கிக்கொண்டன.

அதே மாதம் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு லிட்டருக்கு 6.4 மில்லிமோல். ஏழைத் தொட்டால் நீரிழிவு. 6.1லிருந்து 6.9 வரை அதற்கு முந்தைய நிலை. “இன்னும் வரலை. ஆனா வாசல்ல நிக்குது” என்றார் மருத்துவர். என் அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்தபோது அவருக்கு 39 வயது. அறுபதைக் கடந்த பிறகு வலது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். அந்தக் காலை நான்தான் இன்றும் வாரம் ஒருமுறை பார்த்துப் புண் இருக்கிறதா என்று சோதிக்கிறேன்.

சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்ததிலிருந்து எத்தனையோ முறை அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், மருத்துவர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். “வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் நேயர்களே” என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குள் ஒரு பரோட்டாவை முடித்தவன் நான்.

நேரம் என்று ஒன்று இருந்தால்தானே?

காலை நிகழ்ச்சிக்காக நாலு மணிக்கு எழ வேண்டும். பகலில் அடுத்த நாளுக்கான தயாரிப்பு. மகள் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். மகன் பாலர் பள்ளியில். மனைவி தாதி. அவருடைய பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். யார் பிள்ளையைக் கூட்டி வருவது, யார் சோறு வடிப்பது என்பதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய ஒரு தாள்தான் தீர்மானிக்கிறது. உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்து பதினான்கு மாதம் பணம் கட்டினேன். போனது ஒன்பது முறை. கூடத்தின் மேல் குற்றமில்லை. அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சு

மனைவிக்கு ஞாயிறு வேலை இருந்தால் பிள்ளைகளை பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துப் போவது வழக்கம். அந்தப் பூங்காவை அறியாதவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அங் மோ கியோ அவென்யூ 1 ஓரமாக 62 ஹெக்டர் பரப்பில் நீண்டு கிடக்கிறது. நடுவில் மேரிமவுண்ட் சாலை குறுக்கிட, ஒருபக்கம் குளங்கள், மறுபக்கம் ஆறு.

அந்த ஆறு நம் தீவின் மிக நீளமான ஆறான காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து புறப்பட்டு, பீஷான், பொத்தோங் பாசிர், கோலம் ஆயர் வழியாகக் காலாங் வட்டாரத்தில் நீர்த்தேக்கத்தோடு சேர்கிறது. கோலம் ஆயர் என்ற பெயரில் நம்மவருக்கு ஒரு சின்னச் சொந்தமும் உண்டு. மலாய் மொழியின் ‘கோலம்’ நம் ‘குளம்’தான்.

நான் பள்ளி மாணவனாக இருந்தபோது இந்தப் பூங்காவில் ஆறு இல்லை. வேலி போட்ட ஒரு கான்கிரீட் கால்வாய்தான் இருந்தது. 1988இல் உருவான பூங்கா ஒரு பக்கம், நேர்க்கோடாக ஓடிய கால்வாய் மறுபக்கம். மழை பெய்தால் அதில் தண்ணீர் சீறிப் பாயும். மற்ற நாளில் அடியில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஈரம் இருக்கும். பிறகு பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கான்கிரீட்டை உடைத்தன. 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாய், வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012இல் திறக்கப்பட்டது. உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை. அதைக் கொண்டே பூங்காவுக்குள் ஒரு சிறு குன்றை எழுப்பினார்கள். மறுபயனீட்டுக் குன்று. என் மகன் அதை ‘நம்ம மலை’ என்பான்.

இப்போது அங்கே நாரை நிற்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் வரிசையாகக் கரையேறுவதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் இருக்கிறது. எனக்குப் பெஞ்சு இருந்தது. கைப்பேசியோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஓராண்டுக்கு மேல் ஞாயிறுகளைக் கழித்திருக்கிறேன். திடலுக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒவ்வொரு ஞாயிறும் எட்டரை மணிக்கு ஓர் ஒலிபெருக்கி அலறும். ஐம்பது அறுபது பேர் வரிசையாக நின்று ஸும்பா ஆடுவார்கள். பெரும்பாலும் பெண்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒலிபெருக்கியில் அடிச்சுருதி அதிகம் என்று மனத்துக்குள் குறை வேறு சொல்வேன்.

படிக்கட்டுச் சம்பவத்துக்கு அடுத்த இரண்டாவது ஞாயிறு. பின் வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு மலாய் மாக்சிக், இரண்டு பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்க என் பெஞ்சுக்கு வந்தார். அவர் பை என் பக்கத்தில்தான் இருந்தது. குடித்து முடித்ததும், “அடேக், ஒவ்வொரு வாரமும் என் பைக்குக் காவல் இருக்கிறாய். மாரி லா!” என்றார் சிரித்துக்கொண்டே. பிள்ளைகளைக் காட்டினேன். அவர் தன் வரிசையைக் காட்டினார். “பின்னால் நின்றால் பிள்ளைகள் தெரிவார்கள். நாங்கள் எல்லாரும் அதற்குத்தான் பின்னால் நிற்கிறோம்.”

அப்போதுதான் கவனித்தேன். கடைசி வரிசைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. ஓரத்தில் இரண்டு தள்ளுவண்டிகள். வலது மூலையில் ஆடிய பெண், ஒவ்வொரு முறை திரும்பும் அசைவிலும் ஊஞ்சலை ஒரு பார்வை பார்த்தார். கடைசி வரிசை கூச்சப்படுகிறவர்களின் வரிசை என்று நினைத்திருந்தேன். அது பெற்றோர்களின் வரிசை.

காதுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை

பதினைந்து ஆண்டுகளாகப் பாட்டோடு பிழைக்கிறவன். ஒரு பாட்டின் பல்லவி எத்தனை விநாடியில் தொடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எட்டு எட்டு எண்ணிக்கையாகத் தாளம் நகர்வதும், எட்டாவதில் அசைவு மாறும் என்பதும் காதுக்கு உடனே பிடிபட்டது. கால்தான் ஒத்துழைக்கவில்லை. எல்லாரும் வலப்பக்கம் போனபோது நான் இடப்பக்கம் போனேன். மாக்சிக்கின் தோளில் மோதினேன். என் மகள் திடலின் சறுக்குமேல் உட்கார்ந்து, விளையாட்டை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தாள்.

நான்காவது பாட்டில் இடுப்பில் கை வைத்துக் குனிந்துவிட்டேன். அப்போது எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பி, தமிழில், “தம்பி, நிக்காதீங்க. முடியலைன்னா நின்ன இடத்துலேயே நடங்க” என்றார்.

“சரிக்கா” என்றேன். அந்த ஒரு சொல் போதும்.

“இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே!” ஆட்டத்தை நிறுத்தாமலே யோசித்தார். “நீங்க காலையில ரேடியோவுல வர்றவர்தானே? அங்க அந்தப் பேச்சுப் பேசுறீங்க, இங்க ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்குது?”

அக்காவுக்கு 58 வயது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா விளையாட்டாகச் சொன்னது உண்மையில் ஒரு சோதனை. உடற்பயிற்சியின் கடுமையை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், பேசிப் பார்த்தால் போதும் என்கிறார்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் கடுமையான பயிற்சி. எனக்கென்றே செய்த அளவுகோல் போல இருந்தது. அன்றிலிருந்து நான் எடையை எழுதி வைப்பதில்லை. வகுப்பின் கடைசிப் பாட்டில் “நேரம் இப்போது ஒன்பது மணி இருபது நிமிடம்” என்பதை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். முதல் வாரம் ‘நேரம்’ வரைதான் வந்தது.

ஸும்பா எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு வானொலிக்காரனுக்குப் பிடித்த கதை. 1990களில் கொலம்பியாவின் காலி நகரில் ஆல்பர்ட்டோ பெரேஸ் என்ற பயிற்றுவிப்பாளர் ஏரோபிக்ஸ் வகுப்புக்குரிய இசை நாடாவை எடுத்துவர மறந்துவிட்டார். தம்மிடம் இருந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். மாணவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நாடா மாறினால் நேரலையில் என்ன பாடுபடுவோம் என்பது எனக்குத் தெரியும். அப்படி ஒரு தடுமாற்றத்தில் பிறந்த ஆட்டத்தில் என் தடுமாற்றமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

கூட்டாகக் கைகால் அசைப்பது சிங்கப்பூருக்குப் புதிதுமல்ல. 1993இல் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் ‘கிரேட் சிங்கப்பூர் வொர்க்அவுட்’ பயிற்சியைத் தொடங்கிவைத்தார். என் வயதுக்காரர்கள் பலருக்குப் பள்ளித் திடலில் அதன் இசைக்கு நின்று கையை நீட்டிய நினைவு இருக்கும். அன்று ஆசிரியர் பார்க்கிறாரே என்று செய்தோம். இன்று பார்க்க யாரும் இல்லை. அதனால்தான் விட்டுப்போகிறது.

“போன வாரம் எங்க போனீங்க?”

பார்க்க ஆள் வேண்டும் என்பதை ஆறாவது வாரம் கற்றேன். மகனுக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறு நிலையத்தில் சிறப்பு நிகழ்ச்சி. இரண்டு வாரம் போகவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் இப்படித்தான் விட்டுப்போனது. இரண்டு வாரம் மூன்றாகும், மூன்று மாதமாகும், பிறகு அந்தத் தெருவைத் தவிர்த்து நடப்போம்.

மூன்றாவது ஞாயிறு பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு மறுபடி பெஞ்சில்தான் உட்காரப் போனேன். மாக்சிக் வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தார். “போன வாரம் எங்க போனீங்க தம்பி?” என்று அக்கா கேட்டார். “பையனுக்கு இப்ப எப்படி?” காய்ச்சல் செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் வானொலியில் சொல்லியிருக்கிறேன்.

அந்த இடத்தில் போய் நின்றேன். மனவுறுதி, வைராக்கியம் என்று நிகழ்ச்சிகளில் நிறையப் பேசியிருக்கிறேன். என்னைத் தொடர வைத்தது அவை எதுவுமல்ல. புல்வெளியில் இரண்டடிக்கு இரண்டடி இடம், அதில் நான் இல்லையென்றால் கேட்க இரண்டு பேர். அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு. வகுப்பு பாதியில் இருக்கும்போது வானம் இருண்டது. பெரிய துளிகள் விழத் தொடங்கியதும் பயிற்றுவிப்பாளர் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு ஓடினார். நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சற்று நேரத்தில் ஆற்றோரம் எச்சரிக்கை விளக்குகள் மின்னின, சங்கு ஒலித்தது, கரையை விட்டு விலகச் சொல்லி அறிவிப்பு வந்தது. நீர்மட்டம் உயர்வதை உணரும் கருவிகள் அங்கே இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நாய்களோடு ஆட்கள் நடந்துகொண்டிருந்த தாழ்வான புல்வெளிமேல் பழுப்பு நிறத் தண்ணீர் பரவி ஓடியது.

“அப்பா, பூங்கா உடைஞ்சு போச்சா?” என்றாள் மகள்.

“இல்லம்மா, அதுக்குத்தான் அந்த இடத்தை விட்டு வெச்சிருக்காங்க” என்று அக்கா சொன்னார். அந்தப் பேட்டையில் முப்பது ஆண்டாக இருப்பவர். “முன்ன கால்வாயா இருந்தப்போ தண்ணி ஓட அந்தக் குறுகின வழிதான். இப்ப தண்ணி வந்தா ஆறு பரந்துக்கும். தண்ணி வடிஞ்சா நாம நடப்போம்.”

நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாரமும் கால்வாய்தான். ஓர் அங்குலம் இடம் விடாமல் கட்டியது. ஒரு காய்ச்சல் வந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது எனக்கென்று வைத்த அந்த ஒரு மணி நேரத்தை. உடற்பயிற்சிக்கு நேரம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம். நேரம் கிடைக்காது. இடம் விட்டு வைக்க வேண்டும்.

எனக்கு எந்தக் கிழமை?

வீட்டுக்குப் போய் இந்தத் தத்துவத்தை மனைவியிடம் உற்சாகமாகச் சொன்னேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர், காலை ஒரு நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நல்லதுங்க. உங்களுக்கு ஞாயித்துக்கிழமை கிடைச்சிருச்சு. எனக்கு எந்தக் கிழமை?” என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வானொலி அறிவிப்பாளனுக்கு வரக்கூடாத அமைதி அது.

மறு வாரம் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “எனக்கு அம்பத்திரண்டு வயசுலதான் இது கிடைச்சது தம்பி. முப்பது வயசுல நான் ஆடப் போனா பிள்ளையை யாரு பார்த்திருப்பா? எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனா அப்படி ஒண்ணு கேட்கலாம்னே எனக்குத் தோணலை. இப்ப முட்டி வலியோட ஆடுறேன்.”

அன்று இரவு குளிர்பதனப் பெட்டியின் தாளைக் கிழித்துவிட்டு நானும் மனைவியும் புதிதாக ஒன்று எழுதினோம். வேலை, பள்ளி, சமையல் எல்லாவற்றுக்கும் முன்பாக இரண்டு கட்டங்களை முதலில் போட்டோம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மனைவிக்கு விடுப்புள்ள ஞாயிறுகளில் அவர் ஆடுவார், நான் பெஞ்சில். அவர் வேலைக்குப் போகும் ஞாயிறுகளில் நான் பின் வரிசையில். வியாழன் மாலை எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தசைப் பயிற்சி வகுப்பு. யாருக்கு முடிகிறதோ அவர் போவார். மற்றவர் வீட்டுப்பாடத்துக்குக் காவல்.

வியாழன் வகுப்பு பூங்கா போல இல்லை. பல்நோக்கு மண்டபம், வெள்ளை விளக்கு, ஒரு பக்கம் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அடுத்த அறையில் முதியவர்கள் கராவோக்கே பாடுவது கேட்கும். கையில் இரண்டு கிலோ எடை, ரப்பர் பட்டை, தரையில் ஒரு விரிப்பு. ஸும்பாவில் கிடைக்கிற உற்சாகம் இதில் இல்லை. ஆனால், நம்மைப் போலச் சர்க்கரைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது தேவை. வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கிறது. தசை வலுவாக இருந்தால் அந்த வேலை இன்னும் நன்றாக நடக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. என் கணக்கு எளிது. ஞாயிறு ஒரு மணி நேரம், மிச்சம் தொண்ணூறு நிமிடத்துக்கு ரயில் நிலையத்திலிருந்து வேகமாக நடப்பது, வியாழன் வகுப்பு தசைப் பயிற்சிக்கு. வகுப்பு தவறிய வாரம் அந்த நடையைக் கூட்டிக்கொள்வேன். தசைப் பயிற்சியின் இரண்டாவது நாள் வீட்டில் நடக்கிறது. மகனை முதுகில் ஏற்றிக்கொண்டு பத்து முறை உட்கார்ந்து எழுவேன். எண்ணுவது அவன் வேலை. ஏழுக்குப் பிறகு ஆறு என்பான்.

போக நினைப்பவர்களுக்கு

உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு புல்வெளியோ மண்டபமோ நிச்சயம் இருக்கும். சுகாதார மேம்பாட்டு வாரியம் பூங்காக்களிலும் கடைத்தொகுதிகளிலும் இலவச வகுப்புகளை நடத்துகிறது. ‘ஹெல்தி 365’ செயலியில் இடம், நாள், நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்யலாம். சமூக மன்றங்களில் யோகா, ஸும்பா, தசைப் பயிற்சி எனக் கட்டண வகுப்புகள் உண்டு. முதல் நாள் எந்த வகுப்பு சிறந்தது என்று ஆராய வேண்டாம். வீட்டுக்கு எது பக்கம் என்று மட்டும் பாருங்கள். பேருந்து மாறிப் போகிற இடமென்றால் மூன்றாவது வாரம் கால் தயங்கும்.

விளையாட்டுத் திடல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல காலணி, ஒரு துண்டு, பெரிய தண்ணீர்ப் போத்தல் போதும். பிள்ளைகளுக்குப் பசியாறும் முன்னேற்பாடு இருக்கட்டும், இல்லையென்றால் மூன்றாவது பாட்டில் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். முட்டி வலி, ரத்த அழுத்தம், இதயத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பயிற்றுவிப்பாளரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். குதிக்காமல் செய்யும் அசைவு எல்லாப் பாட்டுக்கும் உண்டு.

எங்கள் பூங்காவுக்கு வர விரும்பினால் பீஷான் எம்ஆர்டியிலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடக்க வேண்டும். அதையே உடலைச் சூடேற்றும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். முடிந்ததும் மறுபயனீட்டுக் குன்றில் ஏறி ஆற்றைப் பாருங்கள்.

இன்று என் முறை

பத்து மாதம் ஆகிறது. பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நான்கு கிலோ குறைந்தேன். தீபாவளிக்குப் பிறகு அதில் ஒன்று திரும்பி வந்தது. போன மாதப் பரிசோதனையில் சர்க்கரை 5.9. “வாசல்ல இருந்து படிக்கட்டுக்கு எறங்கியிருக்கு. தெருவுக்கு அனுப்புங்க” என்றார் அதே மருத்துவர். அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். எண்ணைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டார். “வர்ற வாரம் நானும் வந்து உக்காரட்டுமா?” என்று கேட்டார். இப்போது பெஞ்சில் அவரும் இருக்கிறார். உட்கார்ந்தபடியே கையை மட்டும் தாளத்துக்கு அசைக்கிறார். அவருடைய தாளம் என்னுடையதைவிடச் சரியாக இருக்கிறது.

நிலையத்தின் மின்தூக்கியை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். நான் படியில்தான் ஏறுகிறேன். மூச்சு வாங்குகிறது, ஆனால் ஆறு மணிக்குள் அடங்கிவிடுகிறது.

போன ஞாயிறு மனைவிக்கு விடுப்பு. எட்டரைக்கு ஒலிபெருக்கி அலறியது. நான் மகனின் காலணியைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மாக்சிக் வழக்கம்போல வரிசையைக் காட்டி, “மாரி லா!” என்றார்.

“இன்று என் முறை இல்லை, மாக்சிக்” என்று சொல்லிப் பின் வரிசையைக் காட்டினேன்.

நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் மனைவி நின்றிருந்தார். எல்லாரும் வலப்பக்கம் போனபோது இடப்பக்கம் போனார். அக்காவின் தோளில் மோதினார். திரும்பிப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தார். மகனின் காலணியைத் தூக்கிக் காட்டினேன். அதன் பிறகு பாட்டு முடியும் வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.